தொடுகைப் பின்னூட்டத் தொழினுட்பத்துக்கான மாணவர் புத்தாக்கப் போட்டி: திருகோணமலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கருவி தான் தெரிவிக்க வேண்டியதைத் திரையிலோ ஒலிபெருக்கியிலோ அல்லாமல், பயனரின் தோலிலும் தசையிலும் அதிர்வாகவும் அழுத்தமாகவும் இழுவையாகவும் எதிர்விசையாகவும் தெரிவிப்பதே தொடுகைப் பின்னூட்டம் ஆகும். இத்துறையின் சர்வதேச மாநாடுகளை ஒட்டி மாணவர் குழுக்களுக்கான புத்தாக்கப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. அவற்றுக்குத் திருகோணமலையிலிருந்து விண்ணப்பிக்க எண்ணும் பல்கலைக்கழக மாணவர்களும், அவர்களுக்குப் பின்னால் வரவிருக்கும் உயர்தர மாணவர்களும் பல முறை கேட்ட கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

இப்போட்டிகள் எங்கே, எப்போது நடைபெறுகின்றன?

ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவகத்தின் ஆதரவில் இரண்டு பெரிய மாநாடுகள் மாறி மாறி நடைபெறுகின்றன. 2005 இல் இத்தாலியின் பீசா நகரில் தொடங்கிய உலகத் தொடுகையியல் மாநாடு ஒற்றை ஆண்டுகளில் கூடுகிறது. 2023 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலும் 2025 இல் தென் கொரியாவின் சுவோன் நகரிலும் அது நடைபெற்றது. தொடுகையியல் கருத்தரங்கு என்னும் மற்றைய மாநாடு இரட்டை ஆண்டுகளில் கூடுகிறது. மாணவர் போட்டி இம்மாநாடுகளின் ஓர் அங்கமாக அறிவிக்கப்படும்போது, குழுக்கள் முதலில் ஒரு முன்மொழிவை அனுப்புவதும், தெரிவான குழுக்கள் சில மாதங்களில் மாதிரிக் கருவியைச் செய்து மாநாட்டு மண்டபத்தில் நேரில் இயக்கிக் காட்டுவதும் பொதுவான ஒழுங்காகும். சில ஆண்டுகளில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வன்பொருள் தொகுதி வழங்கப்பட்டு, அதைக்கொண்டு எதைச் செய்கிறார்கள் என்பதே போட்டியாக இருந்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், சென்ற ஆண்டின் அறிவித்தலை வைத்துக்கொண்டு இவ்வாண்டுக்குத் திட்டமிட வேண்டாம்.

பாடசாலை மாணவர்கள் விண்ணப்பிக்கலாமா?

இப்போட்டிகள் பெரும்பாலும் பட்டப்படிப்பு, பட்டப்பின் படிப்பு மாணவர்களை மனத்திற்கொண்டே அமைக்கப்படுகின்றன. உயர்தர மாணவர்கள் இப்பக்கத்தில் கூறப்படும் பயிற்சிகளைப் பாடசாலைக் கண்காட்சிக்கோ தேசிய மட்டப் புத்தாக்கப் போட்டிகளுக்கோ செய்து பார்க்கலாம். அங்கும் இதே அறிவுதான் தேவைப்படும்.

எங்கள் குழுவில் பொறியியல் படிப்பவர் எவருமில்லை. அது பெரிய குறையாகுமா?

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை என்பதையே சிலர் விண்ணப்பிக்காமைக்குக் காரணமாகச் சொல்கின்றனர். அது போதிய காரணமன்று. ஒரு நல்ல குழுவுக்கு நிரலாக்கம் தெரிந்த ஒருவரும், பற்றுவைத்தல் தெரிந்த ஒருவரும், மனிதரோடு பேசிக் கவனித்துக் குறிப்பெடுக்கக்கூடிய ஒருவரும் வேண்டும். முதலாமவரைக் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களிடையே காணலாம். இரண்டாமவர், நகரில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் பகுதிநேரமாக வேலை செய்யும் உங்கள் நண்பராகவே இருக்கலாம், அவர் மாணவராகவும் இருந்தால் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாமவர்தான் கிடைப்பதற்கு அரியவர். சித்த மருத்துவம், தொடர்பாடல், மொழி கற்கும் மாணவர்களை அழைக்காமல் கணினி மாணவர் நால்வர் மட்டும் சேர்ந்து அமைக்கும் குழு, பெரும்பாலும் நன்றாக இயங்குகின்ற, ஆனால் எவருக்கும் தேவைப்படாத ஒரு கருவியோடு வந்து நிற்கும்.

தோலைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

உயர்தர உயிரியலில் படித்ததைவிடச் சற்று அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். மயிரற்ற தோலில் பொறிமுறைத் தூண்டலை உணரும் புலன்வாங்கிகள் 4 வகைப்படும். மேக்கல் வாங்கிகள் விளிம்பையும் நிலைத்த அழுத்தத்தையும் உணர்கின்றன. மெய்ஸ்னர் சிறுதுணிக்கைகள் ஏறத்தாழ 50 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட படபடப்பையும், கையில் பிடித்த பொருள் வழுகத் தொடங்குவதையும் உணர்கின்றன. தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் சிறுதுணிக்கைகள் அதற்கு மேற்பட்ட மீடிறனுடைய அதிர்வுகளுக்கு உரியவை, 250 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் அவற்றின் உணர்திறன் உச்சமடைகிறது. ரபினி முனைகள் தோல் இழுபடுவதை அறிகின்றன. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் இவ்வாறான தொடுகை நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன. தொடுகை விசையை மின் சைகையாக மாற்றும் பியெசோ புரதங்கள் 2010 இல்தான் கண்டறியப்பட்டன. அதற்காக ஆர்டம் பட்டபூடியனும், வெப்ப உணர்வு பற்றிய ஆய்வுக்காக டேவிட் ஜூலியஸும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விவரங்கள் வடிவமைப்பை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. விரல் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ள இரு முனைகளைத் தனித்தனியாக உணரலாம், முதுகிலோ முன்கையிலோ அதற்குச் சில சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். ஆகவே, மணிக்கட்டுப் பட்டியில் 8 அதிர்வு மோட்டார்களை நெருக்கமாக அடுக்கி 8 திசைகளைக் காட்டலாம் என்று எழுதப்படும் முன்மொழிவு, நடுவர் அதன் இரண்டாம் பந்தியை வாசிக்கும்போதே தோற்றுவிடுகிறது. பசினியன் வாங்கிகளின் உணர்பரப்பு மிக விரிந்தது, அதிர்வு எலும்பினூடாகவும் பரவும், எனவே மோட்டார் எங்கே இருக்கிறது என்பது பயனருக்குத் தெளிவாகத் தெரியாது. நீண்ட நேரம் தொடர்ந்து அதிர்ந்தால் தோல் அதற்குப் பழகிவிடும் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

எவ்வகையான எண்ணம் தெரிவாகும்?

கண்ணும் காதும் ஏற்கெனவே வேறொரு வேலையில் மூழ்கியிருக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். அவருடைய கை அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதன் பின்னர்தான் மோட்டாரைப் பற்றி நினைக்க வேண்டும். நம் மாணவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்: ஓர் அதிர்வு மோட்டாரை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வேலை தேடுகிறார்கள். அவ்வாறு தேடும்போது பார்வையற்றோருக்கான கைத்தடியும் மெய்நிகர் விளையாட்டுக்கான கையுறையும்தான் முதலில் தோன்றும், உலகின் பிற குழுக்களுக்கும் அவையே தோன்றும்.

திருகோணமலையில் இருப்பதனால் உங்களுக்குக் கிடைக்கும் அனுகூலம் இங்கேதான் உள்ளது. சியோலிலோ மூனிச்சிலோ உள்ள ஆய்வுகூடத்துக்கு நம்மிடம் இல்லாத இயந்திரங்கள் உண்டு. ஆனால் உப்புவெளியிலிருந்து இரவு கடலுக்குப் போகும் படகில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பும், நாடி பார்க்கப் பழகும் சித்த மருத்துவ மாணவியின் அருகில் அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பும் உங்களுக்குத்தான் உண்டு.

திசைகாட்டும் இடுப்புப் பட்டி செய்யலாமா?

அது மட்டுமே உங்கள் எண்ணமாயின் வேண்டாம். வடதிசையை எப்போதும் அதிர்வால் காட்டிக்கொண்டிருக்கும் இடுப்புப் பட்டியை ஜெர்மனியின் ஒஸ்னாபுருக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து, அதன் முடிவுகளை 2005 இலேயே வெளியிட்டுவிட்டனர். அதற்கும் நெடுங்காலம் முன்னர், 1969 இல், போல் பாக்-இ-ரீட்டா என்னும் நரம்பியல் அறிஞர், ஒளிப்படக்கருவி கண்ட காட்சியை ஒரு நாற்காலியின் சாய்மானத்தில் பொருத்திய 400 அதிர்முனைகளால் பார்வையற்றோரின் முதுகில் வரைந்து காட்டினார். பழைய எண்ணத்தைப் புதிய சூழலுக்குக் கொண்டுசெல்வதில் தவறில்லை. ஆனால் அச்சூழல் அவ்வெண்ணத்தை எங்கே முறிக்கிறது, அம்முறிவை நீங்கள் எவ்வாறு சீர்செய்தீர்கள் என்பதுதான் உங்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும்.

இரவு மீன்பிடிக்குச் செல்வோருக்கு உதவும் கருவி எங்கள் எண்ணம். எங்கிருந்து தொடங்குவது?

அதிகமாகக் கேட்கப்படுவதும், மெய்யாகவே வளமுடையதுமான கேள்வி இதுவாகும். இரவில் ஒளிரும் திரையைப் பார்த்த கண் மீண்டும் இருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் செல்லும், எனவே இடங்காட்டித் திரையை அடிக்கடி பார்ப்பது கடலைப் பார்ப்பதற்குத் தடையாகிறது. வெளியிணைப்பு இயந்திரத்தின் ஓசையில் எச்சரிக்கை ஒலி கேட்காது. ஆகவே தோலினூடாகச் சொல்வதற்கு இங்கே நியாயமான காரணம் உண்டு.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. கண்ணாடியிழைப் படகு முழுவதும் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அது செக்கனுக்கு 50 சுழற்சியாகும். இரண்டு உருளைகளையுடைய ஈரடிப்பு இயந்திரமாயின் செக்கனுக்கு 100 வெடிப்புகள் நிகழும். அவற்றின் மடங்குகளான 150, 200 ஹேர்ட்ஸ் அதிர்வுகளும் படகின் பலகையினூடாக உடலை வந்தடையும். நாணய வடிவ அதிர்வு மோட்டார்களில் பெரும்பாலானவை இயங்கும் மீடிறனும் அதே எல்லைக்குள்தான் விழுகிறது. கொட்டும் மழையில் வாளியிலிருந்து நீர் தெளித்து ஒருவரைக் கூப்பிடுவதைப் போன்றது இது. வலிமையான மோட்டாரைப் பூட்டுவது இதற்குத் தீர்வாகாது. அதிர்வை விட்டுவிட்டு, மேற்கையைச் சுற்றிய பட்டியைச் சிறிய சேர்வோ மோட்டாரால் மெதுவாக இறுக்குவதும், தோலை வலப்புறமோ இடப்புறமோ சில மில்லிமீற்றர் இழுப்பதும் ஆராயத்தக்க வழிகளாகும், ஏனெனில் மெதுவான அழுத்தத்தையும் இழுவையையும் அறியும் வாங்கிகள் அதிர்வை அறிபவை அல்ல.

கையில் அணிவிப்பதா, எங்கே அணிவிப்பது என்பதையும் மீனவர்களிடமே கேளுங்கள். வலை இழுக்கும் கை நனைந்து குளிர்ந்திருக்கும், குளிர்ந்த தோலில் உயர் மீடிறன் அதிர்வின் உணர்வு குறையும். மணிக்கட்டில் எதைக் கட்டினாலும் அது வலையில் மாட்டும், அது வசதிக்குறைவு மட்டுமன்று, உயிராபத்தும் ஆகும். கச்சான் வீசும் மாதங்களில் பகலில் சோதித்தால் வியர்வையால் பட்டி வழுகும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கருவி பேசாமல் இருந்தால் அதற்குப் பொருள் “சரியான திசையில் போகிறீர்கள்” என்பதா, “பற்றரி தீர்ந்துவிட்டது” என்பதா? இவ்விரண்டையும் வேறுபடுத்தும் குறியொன்று, உதாரணமாக நிமிடத்துக்கு ஒரு முறை தரும் மெல்லிய தட்டல், உங்கள் வடிவமைப்பில் இல்லாவிட்டால் அதைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. படகில் ஏற்கெனவே உள்ள இடங்காட்டியை அகற்றிவிட்டு உங்கள் கருவியை மட்டும் நம்பி எவரையும் அனுப்பவும் கூடாது.

தமிழ் பிரெய்ல் கற்பிக்கும் மலிவான கருவி செய்ய விரும்புகிறோம். அது நல்ல எண்ணமா?

தேவை உண்மையானது, பொறியியல் கடினமானது. லூயி பிரெய்ல் தமது முறையை 1829 இல் வெளியிட்டதிலிருந்து இன்றுவரை புள்ளிகளின் அளவு அதிகம் மாறவில்லை: அருகருகேயுள்ள புள்ளிகளுக்கிடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர், உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். ஓர் எழுத்தின் 6 புள்ளிகளை உயர்த்த, சந்தையில் கிடைக்கும் மின்காந்தச் செலுத்திகள் (மின்னை அசைவாக மாற்றும் பாகங்கள்) 6 ஐ அந்த இடைவெளிக்குள் நிறுத்த முடியாது. புதுப்பிக்கத்தக்க பிரெய்ல் திரைகளில், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பியெசோ மின்பொருட் பட்டைகள் ஒன்றின்மேலொன்றாக அடுக்கப்பட்டிருப்பதும், அவை விலை உயர்ந்திருப்பதும் அதனால்தான்.

இத்தடையைக் கண்டதும் மாணவர் பலர், ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சென்ரிமீற்றர் தள்ளிவைத்துப் பெரிய கட்டமொன்றைச் செய்கின்றனர். புள்ளிகளின் ஒழுங்கை முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க அது பயன்படலாம், ஆனால் வாசிப்புப் பயிற்சியாக அதைக் காட்ட வேண்டாம். பிரெய்ல் வாசிப்பவர் விரலை ஓரிடத்தில் ஊன்றி வைப்பதில்லை, வரியின் மீது நகர்த்திக்கொண்டே செல்கிறார், அந்த நகர்வில்தான் எழுத்து பிறக்கிறது. எழுந்து அடங்கும் 6 முனைகளின் மேல் அசையாத விரல் பெறுவது வேறோர் அனுபவம். உயிர்மெய்களை ஒலி வரிசைப்படியே எழுதுவது போன்ற தமிழ் பிரெய்லின் இயல்புகளை அறிந்த ஓர் ஆசிரியர் தொடக்கத்திலிருந்தே குழுவோடு இருக்க வேண்டும். இறுதிக் கட்டத்தில் அவரை அழைத்துச் சான்றிதழ் கேட்பது முறையன்று.

நாடி பார்க்கப் பழகுவதற்கான செயற்கைக் கை பற்றி உங்கள் கருத்து என்ன?

இதுவரை இங்கு கேட்ட எண்ணங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கும் மாணவர்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் மணிக்கட்டில் வைத்து முறையே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை அறியப் பழகுகின்றனர். ஆசிரியர் தம் விரலில் உணர்ந்ததை மாணவரின் விரலுக்கு அப்படியே மாற்றிக் கொடுப்பதற்கு வழியில்லை, சொற்களால்தான் விளக்க வேண்டியுள்ளது. அந்த இடைவெளியைத் தொடுகைக் கருவியொன்றால் ஓரளவு நிரப்பலாம்.

பொறியியல் நோக்கில் பார்த்தால், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்பது 1.2 ஹேர்ட்ஸ் மட்டுமே. சுழலும் அதிர்வு மோட்டார் இதற்கு முற்றிலும் பொருந்தாது. ஒலிபெருக்கியின் உள்ளே இருப்பது போன்ற சுருட்செலுத்திகள் மூன்றையோ, மெல்லிய இறப்பர்க் குழாயினுள் நீரைத் தள்ளும் சிறிய பம்பியையோ சிலிக்கன் தோலுக்கு அடியில் வைக்க வேண்டும். துடிப்பின் வேகம் மட்டுமன்றி அதன் எழுச்சி, வீழ்ச்சி, விரல் அழுத்தும்போது அது தரும் எதிர்ப்பு ஆகியனவும் கையில் தெரிய வேண்டும், ஆகவே விரலின் அழுத்தத்தை அளக்கும் உணரியும் தேவைப்படும். முன்மொழிவில் ஒரே ஓர் எச்சரிக்கையைக் கடைப்பிடியுங்கள்: கருவி நோயைக் கண்டறியும் என்று எழுத வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவர் ஒரே மாதிரியான துடிப்பை ஒவ்வொரு முறையும் ஒரே பெயரால் அழைக்கிறாரா, பயிற்சி பெற்ற மாணவர் பெறாதவரைவிட அதில் அவருடன் கூடுதலாக ஒத்துப்போகிறாரா என்ற இரு கேள்விகளும் அளக்கத்தக்கவை. அவற்றோடு நின்றுகொள்ளுங்கள்.

எந்தச் செலுத்தியைத் தெரிவுசெய்வது?

மலிவானது சமநிலையற்ற நிறை சுழலும் மோட்டார். அதில் வேகத்தைக் கூட்டினால் மீடிறனும் வீச்சமும் ஒருங்கே கூடும், ஒன்றை விட்டு மற்றொன்றை மாற்ற முடியாது, முழு வேகத்தை அடையப் பல பத்து மில்லிசெக்கன்கள் எடுக்கும். “செய்தி வந்துள்ளது” என்று சொல்ல அது போதும், மெல்லிய தட்டலுக்குப் போதாது. நேர்கோட்டுப் பரிவுச் செலுத்தி விரைவாக எழுந்து விரைவாக அடங்கும், ஆனால் தன் பரிவு மீடிறனில், பொதுவாக 150 முதல் 240 ஹேர்ட்ஸ் வரையான ஒரே புள்ளியில் மட்டுமே வலிமையாக இயங்கும். அப்பிள் நிறுவனம் 2015 இல் தன் கைக்கடிகாரத்திலும் ஐபோன் 6எஸ் இலும் பயன்படுத்தியது நேர்கோட்டில் அசையும் இவ்வகையைச் சார்ந்தது. சுருட்செலுத்தி பரந்த மீடிறன் எல்லையில் வேலை செய்யும், பியெசோ மிக விரைவானது, ஆனால் உயர்ந்த வோல்ற்றளவு கேட்கும். எதிர்விசை தரும் கருவி வேண்டுமாயின், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அலிசன் ஒக்கமுராவின் குழு உருவாக்கித் திறந்த உரிமத்தில் வெளியிட்ட ஹப்கிட் என்னும் ஒற்றை நெம்புக் கருவியின் வரைபடங்களைப் பார்த்துச் செய்வது சிறந்த தொடக்கமாகும்.

ஆடுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையின் முனையிலிருந்து மோட்டாரை நேரடியாக இயக்கலாமா?

கூடாது. ஊனோ ஆர்3 வகைப் பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஅம்பியர் வரை பெறுவதே பரிந்துரைக்கப்படுகிறது, 40 என்பது எட்டக்கூடாத உச்ச வரம்பு. சிறிய அதிர்வு மோட்டாரும் இதைவிடக் கூடுதலான ஓட்டத்தைக் கேட்கும். ஒரு திரான்சிற்றர், அதன் அடிவாய்க்கு ஒரு தடையி, மோட்டாருக்குக் குறுக்கே நேர்மாறாக ஓர் இருவாயி ஆகியவற்றை இடுங்கள். இருவாயி இல்லாமலும் சில நாள்கள் வேலை செய்யும், அதனால்தான் பலர் அதை விட்டுவிடுகின்றனர், பின்னர் காட்சி நாளில் பலகை காரணமின்றி மீள்தொடங்குவதைப் பார்த்துத் திகைக்கின்றனர்.

உதிரிப்பாகங்களை எங்கே வாங்குவது?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் உள்நாட்டு இணையக் கடைகளிலும் பெரும்பாலானவை கிடைக்கும். பழைய விளையாட்டுக் கட்டுப்படுத்திகளும் உடைந்த கைத்தொலைபேசிகளும் நல்ல மோட்டார்களைத் தரும், திருத்தும் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய ஒரே பாகத்தின் மீது முழு வடிவமைப்பையும் கட்ட வேண்டாம். கடற்காற்று படும் இடத்தில் வேலை செய்பவர்கள் பற்றுவைத்த இணைப்புகளின் மேல் பாதுகாப்புப் பூச்சு இடுவதும், கருவியை மூடிய பெட்டியில் ஈரமுறிஞ்சியோடு வைப்பதும் அவசியம். இங்குள்ள உப்பு செப்புக் கம்பிகளை விரைவில் பச்சையாக்கிவிடும்.

பாகங்கள் வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் குரோம் உலாவியினூடாக ஒரு வரி நிரலால் அதிர்வை இயக்கலாம். எத்தனை மில்லிசெக்கன் அதிர்வு, எத்தனை மில்லிசெக்கன் இடைவெளி என்பதை எண்களாகக் கொடுத்தால் போதும். ஐபோனின் சபாரி உலாவியில் இவ்வசதி இல்லை. தொலைபேசியைக் கைக்குட்டையால் மேற்கையில் கட்டி, தாளங்களை வேறுபடுத்த முடிகிறதா என்று அன்றைக்கே சோதிக்கலாம். அதனினும் எளிய முறையும் உண்டு: கண்ணை மூடியவரின் தோளில் நண்பரொருவர் விரலால் தட்டட்டும். விரல் தட்டலாகவே விளங்காத குறியீடு மோட்டாரால் விளங்கப்போவதில்லை.

எத்தனை வகையான சைகைகளை வைக்கலாம்?

நான்கோ ஐந்தோ போதும். தாளத்தாலும் உடலின் இடத்தாலும் வேறுபடுத்துங்கள். மீடிறனால் வேறுபடுத்த முயல்வது பொதுவாகப் பயனற்றது, காது எளிதில் பிரித்தறியும் வேறுபாட்டைத் தோல் பிரித்தறியாது.

கருவி வேலை செய்கிறது என்பதை எவ்வாறு நிறுவுவது?

“பயன்படுத்திய அனைவரும் நன்று என்றனர்” என்பது சான்றாகாது. உங்கள் நண்பர்கள் வேறு என்ன சொல்வார்கள்? நடுவர்கள் எதிர்பார்ப்பது சிறியதாயினும் ஒழுங்கான ஒரு சோதனையாகும். நான்கு திசைகளைக் காட்டும் கருவியாயின், ஒவ்வொரு திசையையும் சம எண்ணிக்கையில், முன்கூட்டி ஊகிக்க முடியாத ஒழுங்கில் கொடுத்து, பங்குபற்றுநர் சொன்ன விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஊகித்தாலே 25 சதவீதம் சரியாகிவிடும் என்பதால் அதற்கு மேல் எவ்வளவு என்பதே கேள்வி. விடைகளை வரிசை, நிரல் கொண்ட அட்டவணையில் இடுங்கள்: கொடுத்தது வரிசையில், சொன்னது நிரலில். முன், பின் ஆகிய இரண்டும் ஒன்றோடொன்று மயங்குகின்றனவா, இடப்பக்கம் மட்டும் பிழைக்கிறதா என்பது அப்போது பளிச்செனத் தெரியும். மொத்தச் சதவீதம் இவற்றை மறைத்துவிடும்.

மிகப் பெரும்பாலான மாணவர் சோதனைகளில் காணும் குறை ஒன்று உண்டு. மோட்டார்கள் ஒலி எழுப்புகின்றன, எனவே பங்குபற்றுநர் தோலால் உணர்ந்ததாக நினைத்துக் காதால் கேட்டதைச் சொல்கிறார். காதொலிப்பானில் இரைச்சலை ஒலிக்கவிட்டுச் சோதியுங்கள். சதவீதம் குறையலாம், ஆயினும் அதுவே உண்மையான எண்.

பங்குபற்றுநரிடம் எழுத்து மூலமான சம்மதம் பெறுவதும், நடுவில் விலகிக்கொள்ளும் உரிமையைச் சொல்வதும் கட்டாயம். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், சிறுவர்களையோ மாற்றுத்திறனாளிகளையோ சேர்ப்பதாயின் இதில் தளர்வே கிடையாது. பார்வையற்றோருக்கான கருவியை, கண்ணைக் கட்டிய பார்வையுள்ளோரிடம் மட்டும் சோதித்துவிட்டு முடிவு எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். பல்லாண்டாகத் தொடுகையால் உலகை அறிந்தவரும் அரைமணி நேரம் கண் கட்டப்பட்டவரும் ஒரே பயனர் அல்லர்.

தாமதம் எவ்வளவு வரை ஏற்கத்தக்கது?

கருவியைப் பொறுத்தது. மெய்நிகர் சுவரொன்றைக் கடினமாக உணர்த்தும் எதிர்விசைக் கருவியில், கையின் நிலையை அளந்து விசையைக் கணித்துக் கொடுக்கும் கணிப்பு வளையம் செக்கனுக்கு 1,000 முறை சுழல்வதே வழக்கம், குறைந்தால் சுவர் மென்மையாகும் அல்லது நடுங்கும். பொத்தான் அழுத்தலுக்குப் பதிலாகத் தட்டல் தரும் கருவியில் சில பத்து மில்லிசெக்கன்களுக்குள் பதில் வர வேண்டும், எனவே தீர்மானத்தைக் கம்பியில்லாத் தொடர்பினூடாகக் கணினிக்கு அனுப்பி வாங்காமல் கருவியிலேயே எடுங்கள். கரை எத்திசையில் உள்ளது என்று சொல்லும் கருவிக்கு ஒரு செக்கன் தாமதமும் பெரிதல்ல.

செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தால் கூடுதல் புள்ளி கிடைக்குமா?

தேவையில்லாத இடத்தில் சேர்த்தால் கிடைக்காது.

முன்மொழிவை எவ்வாறு எழுதுவது? எங்கள் ஆங்கிலம் போதுமா?

முதற் பந்தியில் யார், எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருக்கையில் இக்கருவி தேவைப்படுகிறது என்பதைச் சொல்லுங்கள். இரண்டாவதில் அதே வேலைக்கு முன்னர் யார் என்ன செய்தனர், அது இங்கே ஏன் போதவில்லை என்பதைச் சொல்லுங்கள். பின்னர் தோலில் என்ன நிகழும் என்பதை எண்களோடு எழுதுங்கள்: எத்தனை மில்லிமீற்றர், எத்தனை நியூட்டன், எத்தனை ஹேர்ட்ஸ். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதி, வாதம் சரியாக நிற்கிறதா என்று பார்த்தபின் ஆங்கிலத்தில் எழுதுவது பயனளிக்கும். எளிய ஆங்கிலம் ஒருபோதும் தடையல்ல, தெளிவற்ற எண்ணமே தடை. காணொளி கேட்கப்பட்டிருந்தால் பின்னணி இசையைத் தவிர்த்து, ஒருவர் கருவியை முதன்முதலாக அணியும் காட்சியை வெட்டாமல் காட்டுங்கள்.

காட்சி நாளில் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

தொடுகையைத் திரையில் காட்ட முடியாது, ஆகவே நடுவர்களும் வருகையாளர்களும் ஒருவர் பின் ஒருவராக உங்கள் கருவிக்குள் கையை நுழைப்பார்கள். பெரிய கை, சிறிய கை, இடக்கை, மோதிரம் அணிந்த கை எல்லாம் வரும். பட்டியின் இறுக்கம் மாறினாலே உணர்வு மாறிவிடும் என்பதால் இறுக்கத்தைச் சரிபார்க்கும் வழியொன்று வேண்டும். ஒவ்வொருவருக்கும் 2 நிமிடத்தில் புரியக்கூடிய ஒரே அனுபவத்தைத் தயாரியுங்கள், விளக்கவுரையைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். துடைக்கும் திரவமும், மாற்றக்கூடிய துணிப்பகுதியும், அதே கருவியின் இரண்டாம் பிரதியும் கைவசம் இருக்கட்டும்.

எண்ணத்தைக் களவாடிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டுமா?

அச்சத்தைவிட ஒழுங்கு முக்கியம். பகிரங்கமாகக் காட்டியபின் காப்புரிமை கோருவது பல நாடுகளில் சிக்கலாகும். உண்மையாகவே புதிய பொறிமுறையாயின் காட்சிக்கு முன்னரே தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிப்பது பற்றி மேற்பார்வையாளருடன் பேசுங்கள். அதிர்வுப் பின்னூட்டத்தில் ஏராளமான காப்புரிமைகள் ஏற்கெனவே உள்ளன என்பதையும் தேடிப் பாருங்கள்.

கருவியை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதில் கவனிக்க வேண்டியவை எவை?

தனியாக எடுத்துச்செல்லும் லித்தியம் பற்றரிகளை விமானத்தில் கைப்பொதியில் மட்டுமே கொண்டுபோகலாம், முனைகளை ஒட்டுநாடாவால் மூடியிருக்க வேண்டும், 100 வாற்று மணிக்குக் குறைந்தவற்றுக்குப் பொதுவாக முன் அனுமதி தேவைப்படாது. கம்பிகள் தொங்கும் பெட்டி பாதுகாப்புச் சோதனையில் கேள்வியை எழுப்பும், ஆகவே பல்கலைக்கழகக் கடிதத்தாளில் கருவியை விவரிக்கும் கடிதமும் மாநாட்டின் அழைப்புக் கடிதமும் பெட்டிக்குள் அன்றிக் கையில் இருக்கட்டும். விசா நேர்முகம் கொழும்பிலேயே நடைபெறும் என்பதால், தெரிவு முடிவு வந்த அன்றே அதற்கான நாளைப் பதிவுசெய்யுங்கள். இரவு புகையிரதத்தில் போவதாயின் மாதிரிக் கருவியை மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பற்றுவைத்த இணைப்புகளுக்கு அந்தப் பயணமே முதல் அதிர்வுச் சோதனையாக அமையும்.